ஆயிரம் கஜத்தில் ஓர் இரும்புக் கிடா

“ஆயிரம் கஜத்துக்கு அந்தப் பக்கம் நின்ன இரும்புக் கிடாவ இந்தக் கைத்துப்பாக்கியால அடிச்சேன்டா. ஒரே குண்டு. அன்னிக்கு அடிச்ச காத்து என்ன காத்துங்கிற! குண்டு நேரா போகல. வடக்கே திரும்பி, கோல்பி வீட்டு அடுக்களை ஜன்னல எட்டிப் பாத்து, அடுப்புல என்ன வேகுதுன்னு மோந்துட்டு, அப்புறமா வளைஞ்சு வந்து கிடாவோட விலாவுல ‘டொங்’குனு விழுந்துச்சு. அதுக்குள்ள நான் ஒரு கப்பு காப்பி குடிச்சு, பிளாஸ்க்க மூடியே வெச்சுட்டேன்.”

டெல்பர்ட் கினி இதைச் சொல்லி முடித்தபோது லவான் பெக்கின் காப்பிக் கடையில் இருந்த அத்தனை தொப்பிகளும் சிரிப்பில் குலுங்கின. குலுங்காத தொப்பி ஒன்றே ஒன்று. அது ஓரின் ஹாஸ்டட்டின் தலையில் இருந்தது.

ஓரின் சிரித்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தில்கூடப் பாதிரியாரைச் சந்தேகப்பட்டு முறைத்தபடிதான் நிற்பார். ஊர்த் துப்பாக்கிக் கழகத்தின் ஆயிரம் கஜ வரிசைக்கு அவர்தான் தலைவர். அந்த வரிசையில் படுத்துச் சுடுபவர்களுக்கு, எதிர்க்கோடியில் சங்கிலியில் தொங்கும் இரும்புக் கிடாதான் குறி. தோளில் வைத்துச் சுடுவதுதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பது அவர் கட்சி. அதிலும் டெல்பர்ட்டின் கைத்துப்பாக்கியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். பேருக்குத்தான் அது கைத்துப்பாக்கி. முழங்கை நீளத்துக்கு மேல் குழல், குறி பார்க்க முதுகில் ஒரு ஸ்கோப், முன்னால் இரண்டு கால், பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு மணல் பை. தோளில் அண்டக்கொடுக்கும் கட்டை மட்டும் கிடையாது. வெட்டுக்கிளிக்குப் பின்பாதியை நறுக்கிவிட்டது மாதிரி இருக்கும்.

வயிறு எரிய இன்னொரு காரணமும் உண்டு. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஓரின் ஒரு எல்க் மானைக் குறி தவறவிட்டார். எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் அதைப் பார்த்தது டெல்பர்ட். அவர் வாயில் விழுந்த பிறகு அந்த மான் வருஷத்துக்கு வருஷம் பருத்தது, தூரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. கடைசியாகக் கேட்டபோது அது ஓரினின் மடியில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்ததாம்.

“பொய் சொல்றதுக்கும் ஒரு வரைமுறை வேணும்டா,” என்றார் ஓரின். “அந்தப் பொம்மைய வெச்சுக்கிட்டு இருநூறு கஜம் தாண்டுனாலே பாவம். அடுத்த மாசம் மான் வேட்டை திறக்குது. இவன் பேச்ச நம்பி நாலு பேரு இதையே தூக்கிட்டுப் போவான். கால் ஒடிஞ்ச மானுங்க இந்த மாவட்டம் முழுக்க நொண்டிக்கிட்டுத் திரியும்.”

“நொண்டுறது உன் புத்திதான்யா,” என்றார் டெல்பர்ட்.

“சரி. எல்லாரும் கேட்டுக்கங்க. வர்ற ஞாயித்துக்கிழமை இவன் அந்தக் கிடாவ அடிக்கட்டும். ஒரே குண்டு. அடிக்கலைன்னா இனிமே ஆயிரம் கஜ வரிசையில கைத்துப்பாக்கி கிடையாது. ஒருத்தனுக்கும் கிடையாது. கூட்டத்துல வெச்சுத் தீர்மானமே போட்டுடுவேன்.”

கடையில் சிரிப்பு நின்றது. காரணம் எல்லாருக்கும் தெரியும். டெல்பர்ட்டின் வலது தோளைக் குதிரை ஒன்று வேலிக்கம்பத்தோடு வைத்து நசுக்கிவிட்டது. அதில் இப்போது எலும்பைவிடத் திருகாணிதான் அதிகம். இனி ஒரு ரைஃபிள் உதைத்தால் கை மேலே எழும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெண்டாட்டி போய்விட்டாள், மாடுகளை விற்றாகிவிட்டது. மனிதருக்கு மிச்சம் இருப்பது வாயும் அந்த வரிசையும்தான். வரிசை போனால் வாய் எத்தனை நாள் தாங்கும்?

லவான் மேசையைத் துடைத்துக்கொண்டே, “ஓரின், நீ மனுஷனா, முள்ளுக்கம்பியா?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுதளத்தின் கொடி லவான் கையில்தான் இருக்கும். அவர் சிவப்புக் கொடியை ஏற்றினால்தான் அங்கே சுடலாம், இறக்கினால்தான் யாரும் முன்னால் போகலாம்.

டெல்பர்ட் தட்டில் இருந்த இனிப்பு அப்பத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். “நான் அடிச்சா?”

“அடிச்சா, வேட்டை திறக்குற ராத்திரி விருந்துல மேசை மேல ஏறி நின்னு, நடந்துச்சுன்னு நானே சொல்றேன்.”

“மேசை தாங்காதுடா. தரையில நின்னே சொல்லு. இன்னொண்ணு, பட்டுச்சா படலையான்னு நீயே பாத்துச் சொல்லு. உன் கண்ணு, உன் வாயி. அப்புறம் யாரும் பேச முடியாது பாரு.”

அந்தக் கழகத்தில் அதுதான் சட்டம். முக்காலியில் பெரிய தொலைநோக்கியை வைத்து ஒருவர் உட்காருவார். அவர் ‘பட்டுச்சு’ என்றால் பட்டது, ‘போச்சு’ என்றால் போனது. சுட்டவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. கழகத்தைத் தொடங்கி வைத்த பெரிய மனிதர், மைத்துனர் சொன்ன ஒரு ‘போச்சு’வை எதிர்த்து ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டார். அவர் செத்தபோது சவப்பெட்டி தூக்க ஆள் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று வந்தது. அந்தப் பக்கத்துக் காற்றைச் சும்மா காற்று என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். கொடியில் காயப்போட்ட சட்டையைப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்த்தான் எடுத்து வர வேண்டும், பொத்தான்களை அதற்கும் அடுத்த மாவட்டத்தில் பொறுக்க வேண்டும். மூவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தங்கள் கூரைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள், அவை பறக்காமல் இருக்க.

ஓரின் தன் வண்டியில் போய் இரும்புக் கிடாவுக்குத் தானே வெள்ளைச் சாயம் அடித்துவிட்டு வந்தார். பழைய தழும்பு ஒன்றைக் காட்டி டெல்பர்ட் ஏய்த்துவிடக் கூடாது அல்லவா? மூக்கு நுனி முதல் குளம்பு வரை ஒரு பொட்டு கறுப்பு மிச்சமில்லாமல் அடித்தார்.

டெல்பர்ட் பாயில் குப்புறப் படுத்தார். மணல் பையைப் பின்னால் செருகினார். புல் சாய்வதைப் பார்த்தார், ஸ்கோப்பின் திருகைக் கொஞ்சம் திருகினார், மறுபடி புல்லைப் பார்த்தார். அந்தத் தூரத்துக்குக் குண்டு ஒரு தானியக் கிடங்கின் உயரமாவது கீழே விழும். அத்தனை உயரம் மேலே பார்த்துச் சுட வேண்டும்.

“பெரிய பாட்டுக்காரன் தொண்டைய செருமுற மாதிரி என்னடா இத்தனை நேரம்?” என்றார் ஓரின், தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி.

“ஜன்னல் திறந்திருக்கான்னு பாக்குறேன்.”

வெடித்தது.

ஓரின் பார்த்தார். குண்டு போகிற வழியில் காற்று ஒரு கணம் கானல் போல நெளிந்தது. அந்த நெளிவு மேலே ஏறி, காற்றில் வளைந்து, இறங்கியது. கிடாவின் நெஞ்சில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வேட்டைக்காரன் கனவில் மட்டும் அடிக்கிற இடத்தில், வெள்ளைச் சாயம் பெயர்ந்து ஒரு கறுப்புப் பூ பூத்தது. கிடா சங்கிலியில் லேசாக ஆடியது. சத்தம் வரவில்லை. காற்று அதை எங்கோ கொண்டு போய்விட்டது.

ஓரின் பொய் சொல்லாதவர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே நல்ல சாமான். வாயைத் திறந்தபோது என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. மடியில் படுத்து அசை போடும் எல்க் மான் ஒன்று நினைவில் வந்து தொலைத்தது.

“போச்சு,” என்றார்.

லவான் சட்டென்று திரும்பினார். “எனக்கு என்னமோ ஆடுன மாதிரி—”

“காத்துல ஆடுது.”

“லவான், விடு,” என்றார் டெல்பர்ட். “பாத்தவன் சொல்லிட்டான்.”

அவ்வளவுதான். காற்றின் மேல் பழி போடவில்லை, கோல்பி வீட்டு ஜன்னலின் மேலும் போடவில்லை. எழுந்து உட்கார்ந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். டெல்பர்ட் சண்டைக்கு வராதது ஓரினைக் குடைந்தது. அந்த மனிதர் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். திட்டியிருந்தால் இரண்டு மடங்கு திட்டியிருக்கலாம். சும்மா இருப்பவனை என்ன செய்வது?

“உன்னச் சொல்லிக் குத்தமில்லடா,” என்றார் ஓரின், தேவைக்கு அதிகமான சத்தத்தில். “இந்தச் சாமான் அப்படி. முப்பது வருஷமா இந்த வரிசையில சுடுறேன், நானே சுட்டாலும் இதால ஒண்ணும் ஆகாது. தள்ளு, காட்டுறேன்.”

“தாராளமா. திருகத் தொடாத, அப்படியே இருக்கட்டும். கையால இறுக்கிப் பிடி. மூஞ்சியக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்க.”

“எனக்கு நீ சொல்லித் தர்றியா?”

“இல்லடா. உன் மூஞ்சிக்குச் சொல்றேன். அதுக்கு ஏற்கெனவே கஷ்டம்.”

ஓரின் படுத்தார். வேண்டுமென்றே தவறவிட வேண்டும், அதுதான் புத்திசாலித்தனம். அது அவருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷம் குறி பார்த்த கண்ணை, கொஞ்சம் கோணலாகப் பார் என்றால் கேட்குமா? குறுக்குக் கோடு தானாகப் போய்க் கிடாவின் மேல் உட்கார்ந்தது. மூச்சு தானாக நின்றது. விரல் தானாக மடங்கியது. துப்பாக்கியை மட்டும் அவர் பழக்கப்படி லேசாகப் பிடித்திருந்தார். உதைக்கிற துப்பாக்கியைத் தோள் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் உடம்பில் ஊறிய நம்பிக்கை.

தோள் அங்கே இல்லை. துப்பாக்கி நேராக நெற்றிக்கு வந்தது. ஸ்கோப்பின் விளிம்பு அவர் புருவத்துக்கு மேல் ஒரு பிறை நிலவை அழகாக வெட்டிவிட்டுப் போனது. அதே சமயம், மூச்சு வாங்கிக்கொள்ளவோ என்னவோ, காற்று ஒரு கணம் நின்றது.

டொங்ங்.

கோயில் மணிகூட அப்படிக் கேட்காது. அடுத்த பள்ளத்தாக்கில் மாடுகள் தலை தூக்கிப் பார்த்திருக்கும்.

“ஐயோ, ரத்தம்!” என்று லவான் ஓடி வந்தார். டெல்பர்ட் வாயைப் பொத்திக்கொண்டு பாயில் உருண்டார். “ஆயிரம் கஜம்! ஒத்தக் கண்ணு! பொம்மத் துப்பாக்கி! டேய் ஓரின், நீ அடிச்சுட்டடா! நான் நாளைக்குச் சொன்னா எவன்டா நம்புவான்?”

“வாய மூடு,” என்றார் ஓரின், லவான் கொடுத்த கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு. ஆனால் அந்த மூஞ்சியில், ரத்தத்துக்கு நடுவே, கல்யாணப் படத்தில் வராத ஏதோ ஒன்று வரப் பார்த்தது.

கடைசியாகச் சுட்டவர்தான் போய் மறுபடி சாயம் அடித்துவிட்டு வர வேண்டும். அதுவும் கழகத்துச் சட்டம். லவான் கொடியை இறக்கினார். ஓரின் ஒற்றைக் கண்ணால் வண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

வெள்ளைக் கிடாவின் மேல் இரண்டு கறுப்புப் பூக்கள். ஒன்று நெஞ்சில், நடுநாயகமாக. இன்னொன்று பின்தொடைக்குக் கீழே, விளிம்பை மயிரிழையில் தொட்டுக்கொண்டு. இரண்டு குண்டு சுட்டார்கள், இரண்டும் இருக்கின்றன. எது யாருடையது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சில் பூத்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தவர் அவர்தான்.

சாயம் பீச்சும் டப்பாவைக் குலுக்கினார். உள்ளே குண்டுமணி கலகலத்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும். நெஞ்சில் இருப்பதை மட்டும் மறைத்தால் தன் குண்டின் தழும்பு மட்டும் நிற்கும், ஆனால் ஊரார் பார்க்கப் போவது அந்தத் தொடைக் காயத்தை. நிஜ மானாக இருந்தால் அது மாவட்டம் முழுக்க நொண்டிக்கொண்டு திரிந்திருக்கும். இரண்டையும் மறைத்தால் எதுவுமே இல்லை. எதையும் மறைக்காவிட்டால்?

காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. கொஞ்சமும் தரமில்லாத வசைகளாக, அம்மா காலத்தில் கேட்டவை முதல் ராணுவத்தில் கற்றவை வரை, கிடாவைத் திட்டினார், டெல்பர்ட்டைத் திட்டினார், எல்க் மானைத் திட்டினார், கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொருவரையும் திட்டினார். டப்பாவை வண்டிக்குள் எறிந்துவிட்டுத் திரும்பினார்.

வரிசையில் டெல்பர்ட் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மணல் பையைக்கூட எடுத்து வைத்தாயிற்று. முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கைகள் மிகவும் மெதுவாக வேலை செய்தன, இனி இந்தப் பெட்டியை இங்கே திறக்கப் போவதில்லை என்பது போல.

“விருந்துல உன் குண்டப் பத்தி நான் பேசுறேன்டா, கவலப்படாத,” என்றார் டெல்பர்ட். “ரெண்டாயிரம் கஜமாக்கிடுறேன்.”

“நீ ஒரு மண்ணும் பேச வேணாம். பெட்டியத் திற.”

“எதுக்கு?”

“திறடான்னா திற! காது கேக்கலையா, அதுலயும் குதிரை மிதிச்சிருச்சா?”

லவான் கொடியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஓரின் தொப்பியைக் கழற்றினார். பிறை வெட்டிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக வழிந்து உதட்டுக்கு வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. எதிரியை முறைப்பது போல டெல்பர்ட்டை முறைத்தார்.

“நெஞ்சுல பட்டுச்சு. உன் குண்டு. நான் பாத்தேன், பாத்துட்டுத்தான் போச்சுன்னு சொன்னேன். போன வாரம் நீ அடிச்சதா சொன்னியே, அதுவும் அடிச்சுத்தான் இருப்ப, நாசமாப் போறவனே.” பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பினார். “நடந்துச்சு.”