பட்டுக் கோவணம்

பெட்டைகள்மேல் ஏறாமலிருக்கக் கிடாய்க்கு வயிற்றடியில் கட்டியிருந்த சாக்குத் துண்டு வேலியில் தொங்கியது. பார்த்த மாத்திரத்தில் ஆனந்திக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பட்டிக்குள் கிழட்டுக் கிடாய் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது. சுற்றிலும் ஏழு இளம் பெட்டைகள். ஏழும் அதற்குப் பிறந்தவை.

"ஆருங்க அவுத்தது?"

"நாந்தான்" என்றான் புருஷன் ராஜசேகர், இஸ்திரி வேட்டியைச் சரிசெய்துகொண்டே. "தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்றாங்க. கெடா கோவணங் கட்டிட்டு நின்னாச் சிரிக்க மாட்டாங்களா? ஒரு மணி நேரந்தானே ஆச்சு."

ஒரு மணி நேரம்! கிடாய்க்கு ஒரு நிமிஷம் போதாதா? மூன்று பெட்டைகள் பருவத்தில் இருந்தது அவளுக்குத் தெரியும். அந்த ஏழுக்கும் ஒரு கிடாய் தேடி ஆறு மாசமாகப் பொள்ளாச்சிச் சந்தைக்கு அலைந்திருக்கிறாள். ஒன்றுக்குக் கம்பளி மயிர். ஐப்பசி மழையில் ஊறிச் சாகும். ஒன்றுக்குப் பெருத்த தலை. முதல் ஈத்துப் பெட்டை அந்தத் தலையோடு வரும் குட்டியைப் போட முடியாமல் திணறும். கடைசியில்தான் குட்டை மயிரும் செம்மண் நிறமுமாக மேச்சேரி இனக் கிடாய் ஒன்று அகப்பட்டது. வெள்ளிக்கிழமை அது பட்டிக்கு வந்துவிடும். அதற்குள் அப்பனை மகள்களோடு அவிழ்த்துவிட்டிருக்கிறான் இந்த மனுஷன்.

வாசலில் கார் நின்றது. நெஞ்சு கொதிக்கக் கொதிக்கக் காப்பி கலந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா சின்னமுத்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆடு வைத்திருப்பவர். உட்கார்ந்ததும் கேட்டார். "ஏனுங்க, நீங்க எந்தக் கூட்டமுங்க?"

ராஜசேகர் நிமிர்ந்தான். "நாலு தலமொறைக்குப் பாத்தாச்சுங்க. நீங்க வேற கூட்டம், நாங்க வேற கூட்டம். ஒரே கூட்டத்துல குடுத்து எடுத்தா அண்ணந் தங்கச்சியாட்டம் ஆயிருமில்லீங்க? அந்தத் தப்பு எங்க ஊட்டுல நடக்காதுங்க."

ஆனந்தி காப்பித் தட்டை டொம்மென்று வைத்தாள்.

"நடந்துருச்சுங்க, இன்னிக்குக் காத்தால. மனுசருக்கு நாலு தலமொற பாக்கறவரு, பட்டியில அப்பனையும் புள்ளைகளையும் ஒண்ணா உட்டுட்டாருங்க. நீங்க சிரிப்பீங்கன்னு சாக்க அவுத்துட்டாருங்க."

"வாய மூடு" என்று பல்லைக் கடித்தான் ராஜசேகர். அவள் மூடவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு பட்டிக்கு நடந்தாள்.

பின்னாலேயே சின்னமுத்து வந்தார். சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிடாயின் கொம்பைப் பிடித்தார். அவள் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"நாங்களும் ஆடு வளக்கறவங்கதானுங்க" என்றார் அவர், ராஜசேகரைப் பார்த்து. "கோவணங் கட்டுன கெடாயப் பாத்துச் சிரிக்க மாட்டோம். அவுத்துவிட்ட ஆளப் பாத்தாத்தான் சிரிப்பு வருதுங்க."

அவர்கள் போனதும் ராஜசேகர், "மானத்த வாங்கிட்டியே" என்று ஆரம்பித்தான். ஆனந்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை. எது சினை, எது தப்பியது என்று தெரிய இருபது நாளாவது ஆகும். அதற்குள் மேச்சேரியும் ஏறினால் எந்தக் குட்டி எதற்குப் பிறந்தது என்றே தெரியாது; அதுவரை அதற்கும் வயிற்றடியில் கட்டித்தான் வைக்கவேண்டும். பீரோவைத் திறந்தாள். தங்கச்சி கல்யாணத்துக்கென்று அவன் வாங்கி வைத்திருந்த பட்டு வேட்டியை எடுத்து நடுவில் கிழித்தாள்.

"ஐயோ, என்ன பண்ற?"

"புதுக் கெடாய்க்குங்க. இனி ஆரு வந்தாலும் நீங்க வெக்கப்பட வேண்டாம். பட்டுக் கோவணம்."