வாளி இறங்கிய சத்தம்

நாலு நாளாக அந்த வீடு ஒரே ஒரு செய்திக்காகக் காத்துக் கிடந்தது: அப்பாவுக்கு வெளிக்குப் போனதா, இல்லையா?

இடுப்பு மூட்டை மாற்றி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். மாத்திரைகள் வயிற்றைக் கட்டும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. குத்த வைத்து உட்காரவே கூடாது, புது மூட்டு நழுவிவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி மகன் கவலையே படவில்லை. அவன் பெரிய ஓட்டல் ஒன்றில் பிளம்பர். பல தேசத்து ஆட்கள் வந்து தங்கும் இடம் அது. தண்ணீர் இல்லையென்றால் தவித்துப் போகிறவர்கள், காகிதம் இல்லையென்றால் தவித்துப் போகிறவர்கள், பின்பக்கம் கழுவ வைத்த குட்டித் தொட்டியில் துணி துவைத்துக் காயப்போட்டவர்கள் என்று எல்லோரையும் பார்த்தவன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்திலேயே, வீட்டுக் கழிப்பறையின் தரையில் பதிந்திருந்த பழைய கோப்பையை உடைத்தெடுத்துவிட்டு, உட்காரும் கம்மோடு ஒன்றை மாட்டிவிட்டான். வந்ததும் பார்த்து அசந்து போகட்டும் என்று அவரிடம் மூச்சு விடவில்லை.

அப்பா தளம் போடும் மேஸ்திரி. நாற்பது வருஷம் குத்த வைத்தே பிழைத்தவர். உடைந்த கோப்பை அவரே மட்டம் பார்த்துப் பதித்தது.

"எதுக்குடா ஒடச்ச?"

"நீங்க அதுல உட்காரக் கூடாதுப்பா."

"உட்கார மாட்டேன். அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது. உன்னை என்ன பண்ணுச்சு?"

முதல் இரண்டு நாள் அவர் கம்மோடில் போய் உட்கார்ந்தார், எழுந்து வந்தார். "நாற்காலில உட்கார்ந்தா சாப்பாடு வரும்னுதான்டா தோணுது" என்றார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

மூன்றாம் நாள் மகன் ஓட்டல் கிடங்கிலிருந்து, கேட்டு வாங்கி, கரண்டில் வேலை செய்யும் இருக்கை ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினான். பொத்தான்களில் இருந்த எழுத்து அவனுக்கும் தெரியாது. படத்தை வைத்துத்தான் பழக்கம்.

உள்ளே போன அப்பா, போன வேகத்தில் கத்தினார். "இதுல யாருடா உட்கார்ந்துட்டுப் போனது?"

"யாரும் இல்லப்பா. கரண்டுல சூடாகுது. குளிர் தேசத்துக்காரங்க இதுக்குக் காசு குடுத்து..."

"பொய் சொல்லாத. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போயிருக்காங்க."

"மாமா, சத்தியமா நாங்க ரெண்டு பேரும் உட்காரல" என்றாள் மருமகள்.

"நீ உள்ள போம்மா, தயவுபண்ணி."

அவசரமாக எழப்போனவர் எந்தப் பொத்தானில் கையை ஊன்றினாரோ, அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அத்தோடு அந்த இருக்கை, வந்த சாக்குக்குள்ளேயே மறுபடி போனது.

நாலாம் நாள் காலையில் வயிறு கல்லாக இருந்தது. சாயங்காலம் கூட்டி வாருங்கள், எனிமா கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர் போனில். அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. பிறகு வாக்கரை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நீ வெளிய நில்லு. நான் பாத்துக்கறேன்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அப்பாடா, மனசு வந்துவிட்டது என்று மகன் நினைத்தான்.

அப்போதுதான் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்பா குனியக் கூடாதென்று வாளியையும் குவளையையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏற்றி வைத்தது அவன்தான். அதை எதற்கு இறக்குகிறார்? அடுத்து ஸ்டூல் நகர்ந்தது. பிறகு, பீங்கான் முனகும் சத்தம்.

அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்: கம்மோடு விளிம்பின் மேல் ஆள் ஏறும் சத்தம். ஓட்டலில் கம்மோடு விளிம்பில் செருப்புத் தடம் இல்லாத வாரமே கிடையாது. குத்த வைத்த உருவத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரை அறை அறையாக ஒட்டியவன் அவன். வீட்டில் ஒட்டவில்லை. அப்பாவுக்குப் போய் எதற்கு ஸ்டிக்கர்?

கத்த வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். திடுக்கிட்டால் அவர் விழுந்துவிடுவார். என்ன என்று கண்ணால் கேட்ட மனைவிக்கு, பேசாதே என்று கை காட்டினான். இருவரும் கதவையே பார்த்தபடி நின்றார்கள். அவன் கை கதவின் மேல் இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"டேய்."

"சொல்லுங்கப்பா."

"ஆயிருச்சு."

"சரிப்பா."

"எறங்க முடியலடா."

நல்லவேளை, கதவு வெளிப்பக்கம் திறப்பது. கீல்கள் இந்தப் பக்கம் இருந்தன. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தான். பெயிண்ட் அப்பிய திருகுகள் அசைய மறுத்தன.

"பேசிக்கிட்டே இருங்கப்பா. எதப் புடிச்சிருக்கீங்க?"

"கொழாய."

"எந்தக் கொழாய்?"

"நீ மாட்டினதுதான்."

பிளாஸ்டிக் குழாய். சுவரோடு சேர்த்துப் பிடிக்க மூன்று கிளிப் போட வேண்டிய இடத்தில், வீட்டுக்குத்தானே என்று இரண்டோடு விட்டிருந்தான். திருகு கைக்கு வழுக்கியது. "கால் மரத்துப்போச்சுடா" என்றது குரல், சின்னதாக.

கடைசித் திருகு கழன்றதும் மனைவி கதவைத் தாங்கிக்கொண்டு திரும்பி நின்றாள். மகன் உள்ளே நுழைந்தான்.

"மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க" என்றார் அப்பா.

முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவியே அவரைத் தூக்கி இறக்கினான். தூக்கி வந்து மாட்டிய கம்மோடு இவரைவிடக் கனமாக இருந்தது.

கழுவி, வேட்டி மாற்றி, கட்டிலில் படுக்க வைத்தான்.

"வலிக்குதாப்பா?"

"தெரியல. எல்லாம் மரத்துக் கெடக்கு."

"இடுப்புல எதுவும்..."

அப்பா கூரையைப் பார்த்தார். "ஏறுறப்போ டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. எனக்கா, உன் கம்மோடுக்கான்னு தெரியல."

மகன் கழிப்பறைக்குத் திரும்பி வந்து முட்டி போட்டான். டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தான். அடிப்பக்கம், திருகு போட்ட இடம், தொட்டி சேரும் மூலை என்று விரலால் தடவினான். எங்காவது ஒரு மயிரிழைக் கீறலாவது இருக்காதா?

பீங்கான் முழுசாக, வழவழவென்று இருந்தது. மறுபடி முதலிலிருந்து தடவத் தொடங்கினான்.