பூதக்கண்ணாடியின் வாக்குமூலம்

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், இந்தப் பூமியில் எவரும் எவருக்கும் எதையும் சும்மா செய்வது கிடையாது. மனித குலத்தின் கண்ணைத் திறக்கவல்ல இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறை வாடகை வீட்டில், நாற்பத்தொரு நாளாக வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் கள விசாரணை பார்த்தவர். நோயாளி என்று சொல்லிக்கொள்பவர் நிஜமாகவே நோயாளிதானா என்று வீடு தேடிப் போய்ப் பார்ப்பது வேலை. வலது கையில் மாவுக்கட்டுப் போட்டவரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தாங்க, பிடிங்க!" என்று ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிப் போடுவார், எந்தக் கை நீளுகிறது என்று பார்ப்பார். முதுகுவலிக்காரர் வீட்டில் பேனாவைத் தவறவிடுவார். பாவம், மரியாதைக்காக யாராவது குனிந்து எடுத்துக் கொடுத்தால் அந்த மரியாதையோடு மனுவும் தீர்ந்தது. அங்கேயே உட்காரவைத்து, 'நான் சொன்னது பொய்' என்று கைப்பட எழுதி வாங்கிவிடுவார்.

சந்தேகப்படுவதற்கு மனிதனைவிடக் கம்ப்யூட்டர் மலிவு என்று நிறுவனம் ஒருநாள் தெரிந்துகொண்டது. வேலை போனது. அதோடு குடும்பத்துக்கு இருந்த காப்பீடும் போனது. அது போன முப்பத்தெட்டாம் நாள் மனைவியின் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. "இன்னொரு தடவை வலி வந்தா யோசிக்க நேரம் இருக்காது. ஒரு மாசத்துக்குள்ள எடுத்துடுங்க" என்றார் டாக்டர். "கார்டு கொண்டு வாங்க, தேதி தரோம்" என்றது ஆஸ்பத்திரி.

குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கக் காப்பீடு ஒன்று இருந்தது. வேலை இழந்தவர்கள் அறுபது நாளுக்குள் அட்டையைக் கையில் வாங்கியிருக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். நூலகத்தின் பின்னறையில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜை போட்டுக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தர் அதற்கான படிவம் நிரப்பிக் கொடுத்துவந்தார்; ஊருக்கு அவர் படிவத்தம்மா. மேஜைமேல் அட்டை: 'கட்டணம் இல்லை.' பூதக்கண்ணாடி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அட்டையைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"உக்காருங்க சார். யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு. அது இருக்கட்டும். இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"டீ."

"யார் தர்றாங்க?"

"நானே வாங்கிக் குடிச்சுப்பேன்."

பூதக்கண்ணாடி அதைக் குறித்துக்கொண்டார். நிஜமாகவே, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து.

படிவத்தம்மா சிரித்துக்கொண்டே நாலு பக்கத்தையும் இருபது நிமிஷத்தில் நிரப்பினார். "உங்க வீட்டம்மாவும் நீங்களும் கையெழுத்துப் போட்டாப் போதும். அப்புறம் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வீட்டுக்கு வருவார். ஆளைப் பாத்துட்டு அட்டையைக் கையில குடுத்துட்டுப் போயிடுவார்."

"ஆளைப் பாத்துட்டு..." என்று பூதக்கண்ணாடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றிலிருந்து பத்து நாள் அவர் படிவத்தம்மாவை விசாரித்தார். நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.

"அந்தம்மா எப்படி ஆளு?"

"படிவத்தம்மாவா? தங்கமானவங்க சார்."

"உங்களுக்கு ஏதாவது பங்கு உண்டா?"

"ஆமா சார். நான் ஜெராக்ஸ் போட்டுக் குடுப்பேன், அவங்க தேங்க்ஸ் சொல்லுவாங்க. அதுல பாதி உங்களுக்கு வேணுமா?"

அம்மாள் வீட்டுக்குப் பக்கத்தில் விசாரித்தார், மருந்துக்கடையில் விசாரித்தார். ஒரு புகார் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பூதக்கண்ணாடியின் நோட்டில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. பத்தொன்பது வருஷ அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான ஆளை அவர் பார்த்ததே இல்லை. இது சாதாரணக் கை இல்லை, பெரிய கை என்று முடிவுகட்டினார்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலை மனைவிக்கு வலி வந்தது. சமையலறைத் தரையில் சுருண்டு, அரை மணி நேரம் பேச்சில்லாமல் கிடந்தாள். வலி விட்டதும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"அந்தப் பேப்பரைக் குடுங்க."

"இல்ல, இன்னும் ஒரு விஷயம் மட்டும் விசாரிச்சுட்டு..."

"என் வயித்துல இருக்கற கல்லை அந்தம்மாவா கொண்டு வந்து போட்டாங்க? கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். அவளே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் முதல் வீட்டில் போர்க்கால ஏற்பாடுகள். வருகிறவன் எதைப் பார்ப்பான் என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியாதா? டிவியைப் போர்வையால் மூடினார். நல்ல செருப்புகளைப் பீரோவில் பூட்டினார். "ஆள் வந்தா சிரிக்காத. எதைத் தூக்கிப் போட்டாலும் பிடிக்காத" என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"உங்களைத் தூக்கிப் போட்டாலும் பிடிக்க மாட்டேன். கவலைப்படாதீங்க."

ஐம்பத்தாறாம் நாள் அவள் மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது கதவு தட்டப்பட்டது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடி பையும் கையுமாக ஒருவர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை புரண்டு, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒழுங்கான ஆளின் அட்டை எதற்காகப் புரளும்?

"இந்த வீட்டு அம்மா இருக்காங்களா?"

"நீங்க யாரு?"

"காப்பீட்டு ஆபீஸ்."

"எந்தக் காப்பீடு?"

"சார், இன்னும் பதினாறு வீடு ஏறணும். இருக்காங்களா, இல்லையா?"

அவசரப்படுகிறான். அவசரப்படுகிறவன் எதையோ மறைக்கிறான். 'ஆமாம், உள்ளே வாங்க' என்று சொன்ன ஒவ்வொரு குடும்பத்தையும் பூதக்கண்ணாடி தானே கவிழ்த்திருக்கிறார். முகத்தில் சலனமே இல்லாமல் சொன்னார்: "அப்படி யாரும் இங்க இல்ல."

வந்தவர் தாளில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்.

மாலையில் படிவத்தம்மா போன் செய்தார். மனு கொடுத்த பெண்மணி அந்த முகவரியிலேயே இல்லை என்று மனுவை மூடிவிட்டார்களாம். மனைவி போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் திட்டவில்லை. பூதக்கண்ணாடிக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஐம்பத்தேழாம் நாள், நூலகம் திறக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். பூதக்கண்ணாடியின் கக்கத்தில் தடித்த ஃபைல் ஒன்று: கல்யாணச் சான்றிதழ், வாடகை ரசீதுகள், ஸ்கேன் படங்கள், எல்லாம் மும்மூன்று பிரதி. படிவத்தம்மா அதைத் திறக்கவே இல்லை.

"ஆபீஸ்ல பேசிட்டேன். மனுவைத் திரும்பத் திறப்பாங்க. ஆனா 'இல்ல'ன்னு சொன்னவரே, சொன்னது பொய்னு கைப்பட எழுதித் தரணுமாம்."

மனைவி மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க" என்றாள் மனைவி.

பூதக்கண்ணாடி பேனாவைத் திறந்தார். வாசகம் அவருக்கு மனப்பாடம். எத்தனை பேருக்கு வரி வரியாகச் சொல்லியிருக்கிறார்! 'கீழே கையெழுத்திடும் நான், சுயநினைவுடனும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும்...' என்று வந்ததும் பேனா நின்றது. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"என்ன நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல." அந்த இடத்தைத் தாண்டி எழுதினார். மேற்படி பெண்மணி தன் மனைவி என்றும், மேற்படி வீட்டிலேயே வசிக்கிறாள் என்றும், தான் சொன்னது பொய் என்றும் எழுதி, காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'பழக்கதோஷம்' என்று முடித்தார்.

படிவத்தம்மா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடேயப்பா! எவ்வளவு நல்லா எழுதறீங்க சார்! எங்க கத்துக்கிட்டீங்க?"

"அவர் எழுதினதில்லம்மா. எழுதி வாங்கித்தான் பழக்கம்" என்றாள் மனைவி.

வெளியே வந்து பத்தடி நடந்திருப்பார்கள். பூதக்கண்ணாடி குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தாளை அவங்க எங்க வெச்சிருப்பாங்க?"

"பேசாம வாங்க."

"இல்ல, ஒரு பிரதி நாமளும் எடுத்திருக்கலாம். நாளைக்கு அதுல ரெண்டு வரி சேத்துட்டாங்கன்னா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

ஐம்பத்தொன்பதாம் நாள் அதே மனிதர் மறுபடி மூன்று மாடி ஏறி வந்தார். இந்த முறை மனைவியே கதவைத் திறந்தாள். அவர் ஆளைப் பார்த்தார், அட்டையைக் கொடுத்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், போனார். போர்வை போர்த்திய டிவி பக்கம் அவர் கண் போகவில்லை. அட்டையில் பெயர், வயது, ரத்த வகை, எல்லாம் சரியாக இருந்தன. பூதக்கண்ணாடி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, வளைத்தும் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று அந்தத் தடித்த ஃபைலைக் கவுன்ட்டரில் வைத்தார். உள்ளே இருந்த பெண் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபைலைத் திருப்பித் தள்ளினாள்.

"இது எதுக்கு சார்?"

"நீங்க சரிபார்க்க வேண்டாமா?"

"பார்த்தாச்சு. ஒன்பதாம் நம்பர் கட்டில். அடுத்தது யாரு?"

வியாழக்கிழமை காலை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நாற்பது நிமிஷம் ஆயிற்று.