ஜட்ஜு ஆகப்போகிற பேத்தி

பேத்தி பிறந்த கையோடு பிரசவ வார்டில் பெயர்ப் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. சம்பந்தியம்மா எந்தப் பெயரைச் சொன்னாலும் குழந்தையின் தாத்தாவான கோர்ட் டவாலி உதட்டைப் பிதுக்கினார்.

"கள்ளநோட்டு கேஸ்ல வந்த பொம்பளை பேரு அது."

"சரி, இது?"

"செயின் அறுப்பு."

"ஊர்ல இருக்கிற பேரெல்லாம் உங்க கோர்ட்டுக்கு வந்தாச்சு. புள்ளைக்கு நம்பர்தான் போடணும் சம்பந்தி!"

கட்டிலில் படுத்திருந்த மருமகள்கூடச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தே வெகுநாளாகியிருந்தது.

டவாலிக்கு இது விளையாட்டில்லை. காலமெல்லாம் நீதிமன்ற வாசலில் நின்று, வழக்குக்கு வந்தவர்களைப் பெயர் கூவி அழைப்பவர். கூண்டில் ஏறும் பெயர் வேறு, மேடையில் உட்காரும் பெயர் வேறு என்பது அவர் நம்பிக்கை. அதனால்தான் மகனுக்கு ஒரு நீதிபதியின் பெயரை வைத்து, வீட்டில் 'ஜட்ஜு' என்று கூப்பிட்டார். அந்த ஜட்ஜு லாரி டயர் திருடி மாட்டி, இப்போது ஜாமீனில் இருந்தான். பேத்தியையாவது மேடையில் ஏற்றிவிட வேண்டும்.

"இன்னைக்கு அவருக்கு வாய்தா மாமா. நேரா கோர்ட்டுக்கு வந்துர்றேன்னாரு."

"வராம எங்க போவான்? பேரோட ரெண்டு பேருமா வர்றோம், பாரு."

நீதிமன்றத்தில் அந்த வழக்கு வந்ததும் கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, வேற ஆளை விட்டுக் கூப்பிடச் சொல்லட்டுமா?"

"வேணாம்பா. நான் வெச்ச பேரு. நானே கூப்பிடுறேன்."

கூப்பிட்டார். வராந்தாவில் யாரும் எழவில்லை. இரண்டாம் முறை குரல் மாடிப்படிவரை போனது. மூன்று முறைதான் கணக்கு. அதற்கும் ஆள் வராவிட்டால் ஜாமீன் போய்விடும். டவாலி இருமினார், தொண்டையைக் கனைத்தார், தண்ணீர் குடித்தார். பிறகு மூன்றாம் முறை கூப்பிட்டார்.

உள்ளே போய் 'ஆள் இல்லை' என்று சொல்ல வேண்டியவர், கேட் வரை ஓடினார். "டேய் ஜட்ஜு! எங்கடா இருக்கே? வாடா!"

வராந்தாவே சிரித்தது. மேடையில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பிடிவாரன்ட் எழுதினார்.

வார்டுக்குள் டவாலி நுழைந்தபோது மருமகள் அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"என்ன சம்பந்தி, பேரு முடிவாச்சா?" என்றார் சம்பந்தியம்மா.

தனக்குத் தெரிந்த நீதிபதிகளின் பெயர்களையெல்லாம் மனசுக்குள் கூவிப் பார்த்தபடியேதான் அவர் நடந்து வந்திருந்தார். ஒன்றுகூடப் பேத்தியிடம் ஒட்டவில்லை.

"நான் வெக்கிற பேரு வேணாம்மா. நீயே வெச்சுடு," என்றார் மருமகளிடம்.

மருமகள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வாரன்ட்டா மாமா?"

ஆமென்று தலையசைத்தார்.

"இப்போதைக்குப் பாப்பான்னே இருக்கட்டும்," என்றபடி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.