பூவிலேயே வாங்கிய வழக்கு

அரியலூர் கோர்ட்டுக்கு எதிரே ரத்தினம்மாள் மெஸ்ஸில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். மேலே அன்றைய குழம்பு, நடுவில் மீன் உண்டா இல்லையா, அடியில் எங்கள் கம்பெனியின் பங்கு விலை. மூன்றில் குழம்பை மட்டும்தான் நம்பலாம்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். நான்தான் கம்பெனி. பெயர் மணிவண்ணன். பதினெட்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வெளியே வந்தவன். தொழில் எளிமையானது. ஒருவரிடம் நல்ல வழக்கு இருக்கும், நடத்தப் பணம் இருக்காது. இன்னொருவரிடம் பணம் இருக்கும், பாவம், வழக்கு இருக்காது. நான் இருவரையும் சேர்த்துவைக்கிறேன். ஜெயித்தால் வரும் தொகையில் நூற்றுக்கு முப்பது பணம் போட்டவர்களுக்கு, எழுபது வழக்குக்காரருக்கு. தோற்றால் பணம் போட்டவர்களுக்கு அனுபவம். தான் நடத்தும் வழக்கில் வக்கீல் இப்படிப் பங்கு வைத்துக்கொள்ள அவர்கள் விதியில் இடமில்லை. குமாஸ்தா வேலையை விட்டவனை எந்த விதியும் கண்டுகொள்ளவில்லை.

முதல் வழக்கு பொன்னாயி அக்காவுடையது. அவருடைய இரண்டு ஏக்கர் கொல்லையை எட்டு வருடம் முன்பு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கொல்லை விற்ற விலையில் கால்வாசிதான் கொடுத்தார்கள். கூடுதல் தொகை கேட்டு வழக்கு. எதிர்த்தரப்பில் ஒரு சிமெண்ட் ஆலை. ஜெயித்தால் வட்டியோடு நாற்பது லட்சம் வரை வரலாம் என்பது வக்கீலின் கணக்கு. நான் நூறு பங்கு போட்டேன். ஒன்று மூவாயிரம் ரூபாய். மொத்தம் மூன்று லட்சம், வழக்குச் செலவுக்குச் சரியாக இருக்கும். பங்கை எப்போது வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். பத்திரத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால் போதும்.

தை மாதம் ஆண்டிமடத்துக்குப் போனேன். அங்கே தமிழழகன் என்று ஒரு முந்திரி வியாபாரி. அந்தப் பக்கத்தில் முந்திரித் தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவார்கள். தோப்புக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார், பூவைப் பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். காய்த்தாலும் கருகினாலும் அவர் பாடு. இவரிடம் வழக்கு முதலீட்டை விளக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"வழக்கும் தோப்பு மாதிரிதாங்க. இப்ப பூத்து நிக்குது. நீங்க பூவுல வாங்குறீங்க."

"தண்ணி, காவல்?"

"எங்க பொறுப்பு."

"பனி பேஞ்சு பூவு கருகிட்டா?"

"ஒங்க பொறுப்புங்க."

"சரியாத்தான் சொல்ற" என்று அவரும் சொந்தக்காரர்களும் சேர்ந்து அறுபது பங்கு வாங்கினார்கள். பத்திரத்தை ஒருவரும் படிக்கவில்லை. உதாரணம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் உதாரணத்தில் ஓர் ஆபத்து உண்டு. நாம் ஒரு கிளையைத்தான் காட்டுகிறோம். கேட்பவர் முழு மரத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்.

பிறகு விலை ஆட ஆரம்பித்தது. பிப்ரவரியில் நில மதிப்பீட்டு அறிக்கை சாதகமாக வந்தது, ஏழாயிரம். மார்ச்சில் எங்கள் வக்கீல் ஒரு வாரம் இருமினார், ஐயாயிரம். ஏப்ரலில் ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல் மெஸ்ஸுக்கு வந்து, வெறும் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

"வயித்துல கவலை இருந்தாத்தான் மனுசன் எங்கூட்டு ரசத்த வுட்டுட்டு எந்திரிப்பான்" என்றார் ரத்தினம்மாள். "எனக்கு இன்னும் ரெண்டு பங்கு எழுது மணி."

சிலேட்டில் எட்டாயிரம் ஏறியது. அந்த வக்கீலுக்கு அன்று சஷ்டி விரதம் என்று மறுநாள் தெரிந்தது. ஆறாயிரம்.

இதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வாய்தா விழும்போதெல்லாம் விலையும் விழுந்ததுதான் வயிற்றெரிச்சல். கூட்டிக் கொடுக்கும் தொகைக்குச் சட்டப்படி வட்டி உண்டு. முதல் வருடம் நூற்றுக்கு ஒன்பது, அப்புறம் பதினைந்து. ஜெயிக்கக்கூடிய வழக்கில் வாய்தா என்பது வயலுக்கு அடிக்கும் எரு. இதை மெஸ்ஸில் எத்தனையோ முறை கரும்பலகைப் பாடம்போல நடத்தினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு விற்றார்கள். கடைசிவரை கேட்டு, கேள்வியும் கேட்டவர் பொன்னாயி அக்கா ஒருவர்தான்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மகள் கவியா டிப்ளமோ முடித்துவிட்டு, பெரம்பலூர் துறையூர் ரோட்டில் தங்கசாமியின் லேத் பட்டறையில் வேலை பார்த்தாள். டிப்பர் லாரி புஷ்ஷும் போர்வெல் பம்ப் ஷாஃப்ட்டும் அவள் கடைந்தால் தங்கசாமி அளந்துகூடப் பார்க்கமாட்டார். அவர் பட்டறையை விற்கப்போகிறார். கவியாவுக்குத்தான் முதல் உரிமை. ஆனால் ஜூன் இருபதுக்குள் இரண்டு லட்சம் முன்பணம் வேண்டும். இல்லாவிட்டால் திருச்சிப் பார்ட்டி காத்திருக்கிறது, அவர்கள் லேத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பொன்னாயி அக்கா கையில் ஆடு விற்ற முப்பத்தாறாயிரம் இருந்தது.

"கோர்ட்டு அதுக்குள்ள குடுத்துருமா தம்பி?"

"குடுக்காதுக்கா."

"அப்ப இந்த முப்பத்தாறாயிரத்துக்கு லேத்துல எது வரும்?"

"தொடைக்கிற துணி வரும்மா" என்றாள் கவியா.

மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. அடுத்த வாய்தா ஜூன் ஒன்பது. மாதக் கடைசியில் தமிழழகன் சொந்தக்காரர்களோடு வந்தார். பூட்டிய கோர்ட் கேட்டைப் பார்த்தார். மெஸ்ஸுக்குள் வந்து, வேலை முடிந்தவரைப்போலத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பருவம் முடிஞ்சுது மணி. தோப்ப ஒப்படைச்சாச்சு."

"முடியலைங்க. இது லீவு. ஜூன்ல தொறப்பாங்க. ஒம்பதாந்தேதி நம்ம வாய்தா."

"முந்திரியுந்தான் அடுத்த தையில பூக்கும். அது புதுக் குத்தகை, புதுப் பணம். எனக்கே சொல்லித் தர்றியா? பூவுல வாங்குறதுன்னு நீதானய்யா சொன்ன."

விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. முந்திரிக் குத்தகை ஒரு பருவத்துக்குத்தான். வைகாசியில் தோப்பு சொந்தக்காரருக்குத் திரும்பிவிடும். அதன்பிறகு கீழே உதிர்ந்து கிடக்கும் கொட்டையை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். குத்தகைக்காரர் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூடக் கேவலம். இந்தச் சட்டத்தை அவர் என் கம்பெனிக்கும் சேர்த்தே நிறைவேற்றிவிட்டார். பத்திரத்தைப் பிரித்து, "வழக்கு இறுதியாக முடியும் வரை" என்ற வரியை விரல் வைத்துக் காட்டினேன். அவர் விரலைப் பார்த்தார்.

"கோர்ட்டு ஆளு எழுதுனா எல்லாத்தயும் இறுதின்னுதான் எழுதுவான். இந்த அறுவதயும் இப்ப வித்தா எம்புட்டு கெடைக்கும், அதச் சொல்லு."

அறுபது பங்கு ஒரே நாளில் விலைக்கு வந்தால் என்ன ஆகும்? வாங்க ஆள் இருந்தாலும், பக்கத்து இலைக்காரர் எழுந்து ஓடும்போது உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் மனசு வராது. ரத்தினம்மாள் சிலேட்டைத் துடைத்து மூவாயிரம் என்று எழுதினார். பிறகு ஆயிரம். கருவாட்டுக் குழம்பு இறங்குவதற்குள் ஐந்நூறு.

அங்கே மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பொன்னாயி அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார். முந்தானையை அவிழ்த்தார்.

"அறுவதயும் நான் வாங்கிக்கிறேன்."

தமிழழகன் சிரித்தார். "யக்கா, ஒங்கேச நீயே வாங்குற. ஆட்ட வித்துக் கயித்த வாங்குன கதையா இருக்கு."

"கயிறு எங்கிட்ட இருந்தா ஆடு எங்க போயிரும்? ஜூன் ஒம்பது வாய்தாவாம். தம்பி சொல்றது ஒங்க காதுலயும் வுழுந்துச்சு. அப்பறம் பொன்னாயி மறைச்சுட்டான்னு சொல்லக் கூடாது."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

அறுபது பத்திரத்தின் பின்பக்கமும் கையெழுத்தாயிற்று. முப்பதாயிரம் கைமாறியது. போகும்போது தமிழழகன் என்னிடம் கிசுகிசுத்தார்: "பாவம், ஒரு வார்த்தை நீயாச்சும் தடுத்திருக்கலாம்."

ஜூன் ஒன்பது வந்தது. எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். ஆலைத் தரப்பு வக்கீல் எழுந்து, சமரசம் பேச அவகாசம் வேண்டும் என்று மனுக் கொடுத்தார். ஆகஸ்ட்டுக்கு வாய்தா. அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் சமரசம் என்றால் ஏதோ ஒரு தொகை நிச்சயம் என்று அர்த்தம். நாற்பது லட்சத்தில் முப்பது சதவீதம் பன்னிரண்டு லட்சம். நூறு பங்கால் வகுத்தால் பன்னிரண்டாயிரம். கொஞ்சம் குறைத்துப் பேசுவார்கள் என்று வைத்து, மெஸ் பத்தாயிரத்தில் நின்றது. விற்கத்தான் யாரும் இல்லை.

மறுநாள் காலை ஆண்டிமடத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"யக்கா, வாங்குன வெலயத் தர்றேன். மேல ரெண்டாயிரம் பஸ்ஸு செலவுக்கு வச்சுக்க. பத்திரத்தக் குடு."

பொன்னாயி அக்கா இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "ஒங்க ஊருல தோப்ப ஒப்படைச்ச பொறவு கீழ கெடக்குற கொட்டை யாருக்குங்க?"

தமிழழகன் சிலேட்டைப் பார்த்தார்.

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்குறேன்."

"பொறுக்குனவங்களுக்கு" என்றார், கல்லைக் கடித்தவர்போல.

"பொறுக்கிட்டேன்."

ரத்தினம்மாள் கரண்டியோடு உள்ளே போய்விட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தமிழழகன் ஒரு டீ குடித்தார். வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இன்னொருவர் மரத்தில் பூவைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது அவருடைய பிறவிக் குணத்திலேயே இல்லை.

"சிலேட்டு வெலைக்கே குடுப்பியா?"

"இருவது தர்றேன். மிச்சம் நாப்பது எங்கிட்டயே இருக்கட்டும்."

இருபது பங்கு, பத்தாயிரம் வீதம், இரண்டு லட்சம். இந்தத் தடவை அவர் பத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இறுதியாக" என்ற இடத்தில் நகத்தால் கோடு போட்டார். பாங்கிலிருந்து பணம் வந்ததும் கவியா எண்ணி வாங்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினாள். தேதி ஜூன் பதினொன்று. தங்கசாமி முன்பணத்தை வாங்கிக்கொண்டு பட்டறைச் சாவியைத் தந்துவிட்டார் என்று மாலையில் போன் வந்தது. பின்னால் லேத் ஓடும் சத்தத்தில் அவள் வேறென்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

கணக்குப் பார்த்தால் ஒன்று விளங்கும். இதில் கோர்ட் ஒரு பைசா கொடுக்கவில்லை, ஆலையும் கொடுக்கவில்லை. முன்பணத்தைக் கொடுத்தது தமிழழகன்தான், ஒரே பங்கை இரண்டு முறை வாங்கி.

மறுவாரமே சிலேட்டில் எட்டாயிரம் என்று இறங்கியது. ஆலைத் தரப்பு வக்கீல் மெஸ்ஸில் இரண்டாவது தடவை ரசம் கேட்டாராம். தமிழழகன் பத்திரத்தோடு ஓடிவந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மணி, இந்த சமரசம்ங்கறது எப்புடி? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

எனக்கு உற்சாகம் பொங்கியது. "அது ரொம்ப சுலபங்க. இப்ப ஒரு முந்திரித் தோப்பு இருக்குதுன்னு வைங்க..."

"தம்பி" என்றார் பொன்னாயி அக்கா, இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "நீ பேசாம இரு."