காஹாங் மூட்டையும் கறுப்புப் பொடியும்

1

13 ஆகஸ்ட் 2025, புதன். இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் ‘யூரியா, ஐந்து கிராம்’ என்று எழுதியிருந்தேன். அது முழுக்க யூரியா இல்லை.

இந்தக் கதை அந்த வரியிலிருந்து பிறந்தது. ‘நான்’ என்று தொடர்ந்தால் எனக்காக வாதாடத் தொடங்கிவிடுவேன். எனவே அவள் ரூபினி. பகலில் குளுவாங் நகரில் தொழிற்சாலை வேலை, மாலையில் வேதியியல் வகுப்பு.

2

முதல் தொடக்கம்: ‘செம்பனை மரங்களின் மீது மாலை வெயில் மெல்ல…’

வேண்டாம். அன்று அவள் மரத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது: எண்ணெய் எடுத்தபின் ஆலை ஒதுக்கும் செம்பனைக் குலைச் சக்கையைக் காயவைத்து, அரைத்து, யூரியா கலந்து, காற்று புகாத உலையில் எண்ணூறு டிகிரியில் சுட்டாள் ரூபினி. வந்தது கறுப்புப் பொடி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். யூரியாவின் நைட்ரஜன் கரியோடு கரியாகக் குடியேறியிருந்தது. நீலச் சாய நீரில் ஒரு சிட்டிகை கலக்கி வடிகட்டினாள். நீர் கண்ணாடிபோல் இறங்கியது. வகுப்பே கைதட்டியது.

(கைதட்டியவர்கள் பதினொரு பேர். ‘வகுப்பே’ சற்று அதிகம். இருக்கட்டும்.)

“இது வினையூக்கியாவும் வேலை செய்யும் போல. கண்காட்சிக்கு அனுப்பலாம்” என்றார் ஆசிரியர் ஜெயபாலன்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவர் ஏட்டை மட்டும் பார்த்துச் செய்துகாட்ட வேண்டும். அந்த இன்னொருவர் முபீனா. மூன்று முறை சுட்டாள். மூன்று முறையும் நீர் நீலமாகவே இறங்கியது. “கவனம் பத்தல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா தேர்ச்சி இல்ல” என்றார் ஜெயபாலன்.

3

நேற்று முபீனாவின் யூரியா புட்டியை ரூபினி தற்செயலாகப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை மணிகள். அப்பா கொடுத்த மூட்டையிலிருந்து ரூபினி நிரப்பிய புட்டியில் சிவப்பும் இருந்தது. மண் என்று நினைத்திருந்தாள்.

இன்று காலை காஹாங் ஊருக்குத் தொலைபேசி. அப்பா அர்ச்சுனன் அங்கே தோட்டத்தில் உரம் போடுபவர்.

“அப்பா, நீங்க குடுத்த மூட்டையில யூரியா மட்டும்தானே?”

“மேல அப்படித்தான் போட்டிருக்கு. உள்ள மிச்சம் மீதி எல்லாம் கெடக்கும். வீட்டு வாழைக்குப் போடறதுக்கு ஒவ்வொரு உரத்துக்கும் தனி மூட்டையா கட்டி வைப்பாங்க?”

“செவப்பா இருந்துச்சே?”

“அது பொட்டாஷ் உரம்மா. தோட்டத்துல பொறந்த புள்ளைக்கு இது தெரியல. காலேஜ்ல என்னதான் சொல்லித் தராங்க?”

4

முடிவு அ: ரூபினி வாய் திறக்கவில்லை. கரி கண்காட்சிக்குப் போனது. பரிசு வாங்கியபோது முபீனா எங்கே என்று அவள்…

முடிக்க முடியவில்லை. இந்த ரூபினியை எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: அழுதாள். ஆசிரியர் மன்னித்தார்.

அவள் அழவில்லை. நடந்தது இது. இன்று மாலை கேண்டீனில்:

“முபீனா, தப்பு உன் மேல இல்ல. நான் ஏட்டுல எழுதினதே தப்பு.”

முழுவதையும் கேட்டுவிட்டு முபீனா தேநீரைக் கீழே வைத்தாள்.

“அலமாக்! உங்க வீட்டு வாழைமரத்துக்கா நான் திட்டு வாங்குனேன்? ரெண்டு வாரமா என் கையத்தான் சந்தேகப்பட்டேன்டி!”

“சார்கிட்ட நானே சொல்றேன்.”

“நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன். அவர் மூஞ்சப் பாக்கணும்லா.” ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டாள்: “அப்போ வேலை செஞ்சது அந்தப் பொட்டாஷா?”

இருக்கலாம். ரூபினிக்குத் தெரியாது, எழுதுபவளுக்கும் தெரியாது. ஆனால் கைதட்டு வாங்கிய நாளைவிட இன்று எனக்குப் பெருமை அதிகம். முபீனாவின் கை, ஏட்டில் இருந்ததை அப்படியே செய்த கை. ஆலை வேண்டாமென்ற சக்கை, ஒரு முறையாவது, நீரைத் தெளியவைத்தது. இரண்டும் உண்மை.

5

சார் என்ன சொல்வார், கரி மறுபடி வேலை செய்யுமா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். உலை சூடேறாமல் நான் எழுத மாட்டேன்.

நாளை, வியாழன்: ஆறு மணிக்கு ஜெயபாலன் சாரிடம் சொல்ல வேண்டும். பிறகு மூன்று கிண்ணங்களில் சக்கை, அதோடு கலக்க: யூரியா மட்டும், பொட்டாஷ் மட்டும், இரண்டும் சேர்ந்து. நிறுப்பது முபீனா.