செத்துப்போன சட்டத்தின் ஏழாம் பிரிவு

தங்கை அந்தப் பரீட்சையை எழுதக் கூடாது. அண்ணனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். அதே அறையில் மூன்றாவது மேசையில் அவள் தட்டச்சர். மாலைச் சட்டக் கல்லூரியில் அவள் சேர்ந்தபோது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. ஒவ்வொரு பேப்பராகத் தேறிவந்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று. மிச்சம் ஒரே பேப்பர்: அரசியலமைப்பும் நிர்வாகச் சட்டமும் வளர்ந்த வரலாறு. வியாழக்கிழமை காலை பத்து மணி. இந்தத் தடவை விட்டால் கல்லூரி கொடுத்த கெடு முடிந்தது, ஆறு வருஷப் படிப்பும் குப்பைக்குப் போகும். அதே பேப்பரில்தான் அண்ணனும் ஒரு காலத்தில் மூன்று முறை மண்ணைக் கவ்வினார். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

திங்கட்கிழமை அவள் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். பதிலுக்கு வந்தது மாறுதல் உத்தரவு. பஸ்ஸில் எட்டு மணி நேரம் போகவேண்டிய ஒரு கிளை அலுவலகம், புதன்கிழமையே வேலையில் சேர வேண்டும். பாவி மனுஷன்! கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது?

அந்த அலுவலகத்தில் யாரும் உத்தரவைப் புதிதாக எழுதியதே கிடையாது. பழைய உத்தரவை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றுவார்கள், மற்றதெல்லாம் ஈயடிச்சான் காப்பி. முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: ‘போர்க்கால அவசரச் சட்டத்தின் ஏழாம் பிரிவு அளித்த அதிகாரத்தின்படி’. பதினோரு வருஷமாக அவளே அதை அடித்துத் தள்ளியிருக்கிறாள். இன்றைக்குத்தான் கண் அதில் நிலைகுத்தி நின்றது. போர் முடிந்த ஆறாவது மாதம் அந்தச் சட்டம் தானாகவே காலாவதி ஆகிவிட்டது. அப்புறம் வந்த அரசியலமைப்பு, அன்றைக்கு உயிரோடு இருந்த சட்டங்களைத்தான் தொடரவிட்டது. செத்ததை எழுப்பவில்லை. எல்லாம் அவள் பாடப் புத்தகத்தில் மூன்றாம் பாடம்.

புத்தகத்தோடு போய் அவர் மேசை முன்னால் நின்றாள்.

“சார், இந்த ஆர்டர் செல்லாது.”

“ஓஹோ. ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்களா?”

“படிச்சுப் பாருங்க. இது செத்துப்போன சட்டம்.”

மற்ற மேசைகளில் தட்டச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. அவர் பக்கத்தைப் படித்தார். அண்ணன் முட்டாள் இல்லை, அதுதான் தொல்லை. எழுந்து போய் இரும்பு அலமாரியிலிருந்து அவளுடைய பணிப் பதிவேட்டை எடுத்துவந்து, முதல் பக்கத்தைப் பிரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவளுடைய நியமன உத்தரவு. முதல் வரியில் அதே சட்டம், அதே ஏழாம் பிரிவு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

“வாயக் குடுத்து மாட்டிக்கிட்டியா? செல்லும்னா ரெண்டும் செல்லும், பஸ் ஏறு. செல்லாதுன்னா ரெண்டும் செல்லாது, நீ இங்க ஆளே இல்ல. எது வேணும்?”

“உங்க நியமனம் மட்டும்?”

“நான் தேர்வாணையம் வழியா வந்தவன். அது வேற சட்டம்.”

அவளுக்கு நான்காம் பாடம் நினைவுக்கு வந்தது. நியமனம் கோணலாக இருந்தாலும், அந்த ஆள் கொடுத்த உரிமத்தை நம்பிக் கடை திறந்தவரைக் கோர்ட் காப்பாற்றும். நாற்காலியில் உட்கார்ந்த ஆளைக் காப்பாற்றாது. பத்து மதிப்பெண்ணுக்காக அவள் மனப்பாடம் செய்த பதில் அது.

“செல்லாது சார். ரெண்டும்தான்.”

“என்னது?”

“நான் இங்க ஆளே இல்லன்னு எழுதிக் குடுங்க. ஆளே இல்லாதவள எந்த ஊருக்கும் மாத்த முடியாது.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்திருந்தார்.

“கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? நான் ஃபாரம் நிரப்பி, நாயா அலைஞ்சு வாங்கித் தந்த வேல இது!”

“அதான் உங்க கையிலயே திருப்பித் தர்றேன். எழுதுங்க.”

அவர் குரல் தணிந்தது, ஆனால் விஷம் குறையவில்லை. “மூணு தடவ எழுதினேன். மூணு தடவ! நீ ஒரே தடவையில பாஸ் பண்ணிட்டு வந்து என் முன்னால நிப்பியா?”

அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு பொறாமைக்காகவா இத்தனை ஆட்டம்?

“நிப்பேன்,” என்றாள்.

பேனாவை அழுத்தி இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தூக்கி எறிந்தார். காகிதம் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, நின்று நிதானமாகப் படித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து கத்தினார். “இனிமே அண்ணான்னு சொல்லிக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காத!”

“சரி சார்,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். வியாழக்கிழமைக்குள் படிக்க இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருந்தது.